சூடானதும் ஏறும் ஐட்லிங்: திருகைத் தொடுவதற்கு முன்

காலையில் வண்டி ஒழுங்காகத்தான் கிளம்புகிறது. சோக்கை இழுத்து இரண்டு உதை, கொஞ்சம் முனகல், பிறகு சீரான சத்தம். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு ரயில்வே கேட்டில் நிற்கிறோம். ஆக்சிலேட்டரை விட்டாயிற்று, எஞ்சின் மட்டும் இறங்க மறுக்கிறது. மூவாயிரம் சுற்றில் கத்திக்கொண்டே நிற்கிறது. பக்கத்தில் சைக்கிளோடு நிற்கும் பெரியவர், எதற்கு இவன் வீணாக முறுக்குகிறான் என்று பார்க்கிறார். கைப்பிடியிலிருந்து கையை எடுத்து அவருக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

என்னுடைய பழைய 150 சிசி கார்புரேட்டர் வண்டியில் இது ஒரு மாதம் நடந்தது. பட்டறைக்குப் போனேன்; ஐட்லிங் திருகைக் குறைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சின் ஓடவே மாட்டேன் என்றது. திரும்பப் போனேன், கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். மாலையில் மறுபடி ரயில்வே கேட், மறுபடி கூச்சல். கடைசியில் கோளாறு இருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் துண்டில். அந்தத் திருகுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் ஐட்லிங் திருகு கடைசியில்தான் வரும். நடுவில் ஒருமுறை அதைத் திருப்புவோம், ஆனால் சோதனைக்காக மட்டும். சொந்தமாக வண்டியில் கை வைக்கத் தொடங்குபவர்களுக்காக, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் வைத்த நான்கு ஸ்ட்ரோக், ஒரு சிலிண்டர் வண்டியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதிகள் வரும்வரை சாலையில் ஓடியவற்றில் பெரும்பங்கு இந்த வகைதான். எரிபொருளைப் பீய்ச்சும் புதிய வண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் கடைசியில் சில வரிகள் உண்டு.

ஏன் சூடான பிறகு மட்டும்?

ஐட்லிங் என்பது எஞ்சின் சும்மா நின்று மூச்சு விடும் நிலை. கார்புரேட்டரில் காற்றுக்கான வாசல் கிட்டத்தட்ட மூடியிருக்கும். ஐட்லிங் திருகு அந்த வாசலுக்கு முட்டுக் கொடுத்து, ஒரு மயிரிழை திறந்து வைத்திருக்கும். அந்த இடுக்கு வழியாக வரும் காற்றும், பைலட் ஜெட் என்ற சின்னத் துளை வழியாக வரும் பெட்ரோலும் சேர்ந்துதான் எஞ்சினை உயிரோடு வைத்திருக்கின்றன. ஆக, கூடுதலாக எந்த வழியில் காற்று நுழைந்தாலும் சுற்று ஏறும். கைப்பிடி மூடியிருக்கிறதா என்பது எஞ்சினுக்குத் தெரியாது.

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது; பாதி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆயிலும் கெட்டியாக இருக்கும். அந்த நேரத்தில் கூடுதல் காற்று நுழைந்தால் கலவை இன்னும் மெலிந்து எஞ்சின் தடுமாறும், நின்றும் போகும். சூடானதும் ஆயில் இளகுகிறது, பெட்ரோல் முழுக்க ஆவியாகிறது. இப்போது அதே கூடுதல் காற்றுக்கு எரிய வழி கிடைத்துவிடுகிறது. போதாததற்குச் சூட்டில் உலோகம் விரிகிறது, பழைய ரப்பரின் வெடிப்பு வாய் திறக்கிறது. காலையில் நோஞ்சான், மாலையில் முரடன் என்று ஒரே வண்டி இரண்டு வேடம் போடுவது இதனால்தான்.

எவ்வளவு இருந்தால் சரி? 100 முதல் 150 சிசி வரையிலான நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,400 சுற்று, நூறு முன்பின். பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் ஆயிரத்தை ஒட்டி இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் இறுதி. சுற்று காட்டும் முள் இல்லாத வண்டி என்றால் கியர்தான் அளவுகோல்: நின்றபடி கிளட்ச்சைப் பிடித்து முதல் கியர் போடும்போது வண்டி 'டங்' என்று துள்ளினால் ஐட்லிங் அதிகம், மெல்லிய 'டக்' போதும்.

முதலில் கேளுங்கள்

கருவிப்பையைத் திறக்க வேண்டாம். வண்டியை ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். நிறுத்தி வைத்து முறுக்கிச் சூடாக்குவது வேறு, ஓடிச் சூடாவது வேறு. இந்தக் கோளாறு இரண்டாவதில்தான் முகம் காட்டும். பிறகு திறந்த வெளியில், நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும்.

நியூட்ரலில் ஒருமுறை லேசாக முறுக்கிச் சட்டென்று விடுங்கள். சத்தம் எப்படி இறங்குகிறது? பாதி வழியில் தொங்கி, மூன்று நான்கு விநாடி யோசித்துவிட்டுப் பிறகு இறங்கினால் கலவை மெலிந்திருக்கிறது என்று பொருள். பட்டறையில் 'லீன்' என்பார்கள். பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம். இறங்கவே இறங்காமல் ஒரே உயரத்தில் நின்றால், வாசல் எங்கோ திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு உயரத்தில் நின்றால் கேபிளையோ, கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கி வாசலைத் திறந்து மூடும் ஸ்லைடையோ சந்தேகப்படுங்கள்.

இன்னொரு சோதனை, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விட்டு, சுற்றைச் சாதாரண அளவுக்கு இழுத்துக் கொண்டுவந்து மறுபடி கிளட்ச்சைப் பிடியுங்கள். உடனே ஏறினால் வாசல் திறந்திருக்கிறது. கீழேயே அமைதியாக நின்றால் மெலிந்த கலவை. இது தீர்ப்பு அல்ல, துப்பு. ஆனால் எந்தப் பக்கம் தேடுவது என்று இது பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறது.

கைப்பிடியும் கேபிளும்

எளியதிலிருந்து தொடங்குவோம். ஆக்சிலேட்டர் கைப்பிடியைச் சுழற்றும்போது முதலில் கொஞ்சம் வெற்றாட்டம் இருக்க வேண்டும். அதன் பிறகே கேபிள் இழுபட வேண்டும். கைப்பிடியின் உள் விளிம்பில் அளந்தால் 2 முதல் 6 மி.மீ. வரை பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. வெற்றாட்டமே இல்லையென்றால் கேபிள் எப்போதும் ஸ்லைடைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேபிளின் நுனியில் உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டைத் திருகி வெற்றாட்டத்தைக் கொண்டுவாருங்கள்.

அடுத்து, எஞ்சின் ஓடும்போதே ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. டேங்க் கழற்றி மாட்டிய பிறகும் ஹெட்லைட் வேலைக்குப் பிறகும் இது சாதாரணம். கேபிளை வந்த வழியில் விடாமல் சட்டத்துக்கும் டேங்குக்கும் நடுவே நசுக்கி வைத்திருப்பார்கள். கைப்பிடியை விட்டதும் 'டப்' என்று தானே மூட வேண்டும். சோம்பேறித்தனமாக மூடினால் கேபிளுக்கு மேலிருந்து எண்ணெய் விட்டுப் பாருங்கள். நுனியில் இழை பிரிந்திருந்தால் எண்ணெய்க்குக் காசு செலவழிக்காமல் புதிய கேபிள் போடுங்கள். ஓட்டத்தில் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொள்வது விளையாட்டு இல்லை. உங்கள் வண்டியில் எஞ்சின் நிறுத்தும் சுவிட்ச் இருந்தால் அது வேலை செய்கிறதா என்று இந்த நேரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

சோக்கையும் இப்போதே பாருங்கள். நெம்புகோல் கீழே இறங்கினாலும் உள்ளே சோக் முழுதாக மூடாமல் இருக்கலாம், குறிப்பாக சோக்குக்குத் தனி கேபிள் உள்ள வண்டிகளில். அந்தக் கேபிளிலும் துளி வெற்றாட்டம் வேண்டும்.

திருகைச் சோதனைக்காக ஒருமுறை

எஞ்சின் சூடாக இருக்கும்போது ஐட்லிங் திருகைக் கண்டுபிடியுங்கள். கார்புரேட்டரின் பக்கவாட்டில், பெரும்பாலும் ஸ்பிரிங் சுற்றிய, கையாலோ திருப்புளியாலோ திருப்பக்கூடிய பெரிய திருகு. அதன் பக்கத்திலேயே இன்னொரு சின்னத் திருகு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். அது கலவைத் திருகு. இப்போது அதைத் தொடாதீர்கள். எது எது என்று குழப்பம் இருந்தால் ஓர் அடையாளம்: ஐட்லிங் திருகின் முனை ஸ்லைடையோ, வாசல் தகட்டின் நெம்புகோலையோ நேராகத் தள்ளும்.

ஐட்லிங் திருகை இடப்பக்கமாக, எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே வெளியே திருப்புங்கள். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஓரிரு சுற்றிலேயே தடுமாறி நின்றுவிடும். அப்படி நின்றால் நல்ல செய்தி: யாரோ குளிர்ந்த எஞ்சினில் ஐட்லிங் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நேராகக் கீழே 'இப்போது ஐட்லிங் திருகு' என்ற படிக்குப் போகலாம்.

திருகு முழுக்கப் பின்வாங்கிய பிறகும் எஞ்சின் சாவதானமாக ஓடிக்கொண்டிருந்தால்? அதற்கு மூச்சு வேறு வழியில் வருகிறது. என் வண்டியில் இந்தச் சோதனையைச் செய்தபோது திருகு ஏற்கெனவே ஸ்லைடைத் தொடாமல் காற்றில் நின்றுகொண்டிருந்தது. பட்டறையில் 'குறைத்துக் கொடுத்ததன்' விளைவு அது. வாசலை முழுக்க மூடியும் வண்டி 2,600 சுற்றில் ஓடியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எண்ணிய சுற்றுகளைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்துவிடுங்கள்.

காற்றுக் கசிவைப் பிடிப்பது

இதில்தான் பொறுமை வேண்டும். சூடானதும் ஏறும் ஐட்லிங்குக்கு நான் பார்த்தவரை முதல் குற்றவாளி இதுவே.

கார்புரேட்டருக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய் இருக்கும். சில வண்டிகளில் முழு ரப்பர், சில வண்டிகளில் அலுமினியக் குழாயும் அதன் இரு முனையில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும், நடுவில் சூடு தடுக்கும் கருப்பு பேக்கலைட் துண்டும். பட்டறையில் மேனிஃபோல்ட் என்பார்கள். இந்தப் பகுதியில் எங்கே ஓட்டை விழுந்தாலும் காற்று கார்புரேட்டரைக் கேட்காமல் நேராக எஞ்சினுக்குள் போகும். காற்று ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் வேறு விஷயம்; அது கிழிந்தால் தூசி உள்ளே போய் எஞ்சினைத் தேய்க்கும், ஆனால் அந்தக் காற்றும் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதால் ஐட்லிங் இப்படித் தூக்காது. புதியவர்கள் பலர் அந்த ரப்பரை மாற்றிவிட்டு ஏமாந்துபோவார்கள்.

சோதிக்கச் சிலர் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ தெளிப்பார்கள். சைலன்சர் கொதிக்கும்போது, பக்கத்தில் பிளக் தீப்பொறி தெறிக்கும்போது, எரியும் திரவத்தைத் தெளிப்பதைப் புதியவருக்கு நான் சொல்லித்தர மாட்டேன். சலவைக்கடையில் துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் போதும். சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீர். முனையைத் திருகி மெல்லிய கோடாக வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் சூடாக, உயர்ந்த சுற்றில் ஓடட்டும். ஒரு நேரத்தில் ஓரிடம் மட்டும்: முதலில் மேனிஃபோல்ட் எஞ்சின் தலையோடு சேரும் இடம். பிறகு ரப்பரின் உடல், சுற்றிலும். பிறகு கார்புரேட்டர் அதற்குள் நுழையும் கிளாம்ப் பகுதி. ஒவ்வோரிடத்திலும் இரண்டு பீய்ச்சல், ஐந்து விநாடி காத்திருப்பு. ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் ஒரு கணம் அதை அடைக்கும்; சத்தம் சட்டென்று இறங்கும் அல்லது விக்கும். சில நேரம் 'ஸ்ஸ்' என்று உறிஞ்சும் ஓசையும் கேட்கும். பிளக் தொப்பியில் தண்ணீர் படாமல் பாருங்கள், பட்டால் எஞ்சின் விக்குவது அதனால்தானா என்று தெரியாமல் போகும். வாளியில் எடுத்து ஊற்றும் வேலையும் வேண்டாம். சூடான உலோகத்தில் குளிர்ந்த நீர் மொத்தமாக விழக் கூடாது.

அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். என் வண்டியில் மேலே, பக்கங்களில் எங்கு அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை. பாட்டிலைக் கீழே கொண்டுபோய் அண்ணாந்து பீய்ச்சியதும் 2,600-லிருந்து முள் விழுந்தது, இரண்டு விநாடியில் மறுபடி ஏறியது. மறுநாள் காலை, எஞ்சின் ஆறிய பிறகு அந்த ரப்பரைக் கழற்றினேன். பார்க்க ஒரு குறையும் இல்லை. கருகருவென்று, விளிம்புகூட உடையாமல் இருந்தது. இரண்டு கட்டைவிரலால் பின்னோக்கி வளைத்தேன். அடிப்பக்கத்தில், இரும்பு வளையத்தோடு ரப்பர் ஒட்டியிருந்த இடத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வாய் பிளந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. பல்லியின் வாய் மாதிரி.

வேறு சில ஒளிவிடங்களும் உண்டு. மேனிஃபோல்டில் ஒரு பித்தளைக் குழல் முனை நீட்டிக்கொண்டிருந்து, அதை ஒரு சின்ன ரப்பர் தொப்பி மூடியிருந்தால் அந்தத் தொப்பியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிஎஸ்-3, பிஎஸ்-4 காலத்து வண்டிகள் பலவற்றில் புகையைக் குறைக்க சைலன்சர் பக்கம் காற்று அனுப்பும் அமைப்பு இருக்கும். அதற்கு மேனிஃபோல்டிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று போகும். சூட்டில் வெந்து அதன் நுனி விரிந்திருக்கும். அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி செருகினாலே பல நேரம் சரியாகிவிடும்.

ரப்பரும் ஓ-ரிங்கும் மாற்றும்போது

வெடித்த ரப்பருக்குப் பசை பூசி ஒப்பேற்ற நினைக்காதீர்கள். சாதாரண சிலிகான் பசை பெட்ரோல் ஆவியில் ஊறிப் பிசுபிசுத்துவிடும். பிய்ந்த துணுக்கு எஞ்சினுக்குள்தான் போகும். புதிய ரப்பரே வாங்குங்கள், வண்டியின் மாடலும் ஆண்டும் சொல்லி. ஓ-ரிங் கழற்றிய பழையதைத் திரும்பப் போடக் கூடாது. அது தன் பள்ளத்துக்கு மேல் சற்று எழும்பி நிற்க வேண்டும். மட்டமாக அமுங்கிக் கிடந்தால் அதன் காலம் முடிந்தது.

போல்ட்டுகளை முறுக்குவதில்தான் பெரிய விபரீதம் நடக்கிறது. காது போன்ற இரு நீட்சிகளில் போல்ட் போட்டு இறுக்கும் கார்புரேட்டரை, கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் காதுகள் வளைந்து நடு முகம் புடைத்துவிடும். பிறகு கசிவு கூடும். அதோடு, உள்ளே ஸ்லைடு ஓடும் குழலும் நெளிந்து, சூட்டில் ஸ்லைடு சிக்கத் தொடங்கும். ஒரு கோளாறு இரண்டாகும். கண்ணாடித் துண்டின் மேல் அந்த முகத்தை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கண்ணாடி மேல் 400 எண் எமரித் தாளை ஒட்டி, எண்ணெய் விட்டு, எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்து மட்டப்படுத்தலாம். தேய்த்த பொடி ஒரு துகள்கூட உள்ளே தங்காமல் பெட்ரோலில் அலசுங்கள். மாட்டும்போது இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். 10 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். ஸ்பேனரை அதன் நடுவில் பிடித்து, மணிக்கட்டின் பலத்தில் இறுக்கினால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். தோள் பலம் தேவையில்லை.

கசிவு இல்லையென்றால் பைலட் ஜெட்

காற்று சரியாக இருந்து பெட்ரோல் குறைந்தாலும் கலவை மெலியும். முறுக்கிவிட்டதும் சுற்று தொங்கி இறங்கும் வண்டியில், கசிவும் கிடைக்கவில்லை என்றால் அடைபட்ட பைலட் ஜெட்டைத் தேடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் இது நிச்சயம் முதலிடம். பெட்ரோல் ஆவியாகி மிச்சம் மெழுகுபோலப் படிந்திருக்கும்.

பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்து வடிகால் திருகைத் தளர்த்தி, கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அடியில் குமிழியாகத் தண்ணீர் உருண்டாலோ, துருத் தூள் இருந்தாலோ டேங்கையும் கவனிக்க வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றிக் கிண்ணத்தைத் திறந்தால் நடுவில் தெரிவது மெயின் ஜெட். அதன் அருகே குழிக்குள் ஒளிந்திருக்கும் சின்னது பைலட் ஜெட். குழிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லையென்றால் முயலாதீர்கள், பித்தளை மெதுவானது, தலை பிய்ந்துவிடும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். கெய்ஹின் நிறுவன ஜெட்டில் 38 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 0.38 மி.மீ. என்று பொருள்; ஒரு மணல் துகள் போதும் அடைக்க. ஊசியும் இரும்புக் கம்பியும் துளையைப் பெரிதாக்கிவிடும். பழைய மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை, கார்புரேட்டர் கிளீனர், அழுத்தக் காற்று இவை போதும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளையில் தெளித்தது எதிர்பாராத துளை வழியாக முகத்தில் பாயும்.

இடையில் பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். இப்போது நம் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய கணக்கிலேயே ஊற்றும். ஆகவே கலவை கொஞ்சம் மெலியும். எல்லாவற்றுக்கும் எத்தனாலைக் குற்றம் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஓட்டையில்லாத வண்டியில் அந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் கலவைத் திருகிலேயே ஈடுகட்டிவிடலாம் என்பது என் அனுபவம். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை ஊறவைக்கும். அதனால் நிறுத்தி வைக்கும் வண்டியின் கிண்ணத்தை வடித்துவிடுவது நல்லது.

கலவைத் திருகு

கசிவை அடைத்து, ஜெட்டைச் சுத்தம் செய்த பிறகே இதில் கை வைக்க வேண்டும். முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். திருகு எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துவது: வெளியே திருப்பினால் செறியும், உள்ளே திருப்பினால் மெலியும். ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகு, கணக்கு தலைகீழ்: உள்ளே திருப்பினால் செறியும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் மிக்குனி நிறுவன கார்புரேட்டர்களில் இந்த இரண்டாவது வகையைப் பார்க்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் திருப்பியே பலர் வண்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

திருகை மெதுவாக உள்ளே திருப்பி, லேசாகத் தட்டும் இடம் வரை எத்தனை சுற்று என்று எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தி இறுக்கினால் ஊசிமுனை ஒடியும், அது உட்காரும் துளையும் கெடும். பிறகு இரண்டு சுற்று வெளியே எடுத்து, வண்டியைக் கிளப்பி, ஓட்டிச் சூடாக்கிவிட்டு வாருங்கள்.

ஐட்லிங் திருகால் சுற்றை 1,500 அளவில் வையுங்கள். கலவைத் திருகைக் கால் சுற்று வெளியே. பத்து விநாடி காத்திருங்கள். சத்தம் ஏறுகிறதா, சீராகிறதா? இன்னொரு கால் சுற்று. ஓரிடத்துக்குப் பிறகு மறுபடி தடுமாறத் தொடங்கும். திரும்பி வந்து எதிர்ப்பக்கம் முயலுங்கள். எந்த இடத்தில் எஞ்சின் அதிகச் சுற்றில், ஒரே தாளத்தில் ஓடுகிறதோ அதுதான் இடம். சுற்று ஏறியிருந்தால் ஐட்லிங் திருகால் இறக்கி, ஒருமுறை மறுபடி சரிபாருங்கள். அவசரப்படாதீர்கள், திருப்பியதற்கு எஞ்சின் பதில் சொல்லச் சில விநாடி ஆகும், அதற்குள் அடுத்த திருப்பு திருப்பினால் எது எதன் விளைவு என்று தெரியாது.

எஞ்சின் பக்கத்துத் திருகு மூன்று சுற்றுக்கு மேல் போனால்தான் சரியாகிறது என்றால் பைலட் ஜெட் இன்னும் அடைபட்டிருக்கிறது, அல்லது தவறான சிறிய அளவு. ஒரு சுற்றுக்குள்ளேயே சரியானால் ஜெட் பெரிது, யாரோ கம்பி விட்டுக் குடைந்திருக்கலாம்.

கடைசியாக முறுக்கி விட்டுப் பாருங்கள். தொங்கி இறங்கினால் அரைக்கால் சுற்று செறிய வையுங்கள். ஐட்லிங்குக்கும் கீழே விழுந்து தள்ளாடி எழுந்தால் அரைக்கால் சுற்று மெலிய வையுங்கள்.

இப்போது ஐட்லிங் திருகு

எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்கும்போது, கையேட்டில் உள்ள எண்ணுக்கு வைத்துவிடுங்கள். அவ்வளவுதான். நாளைக் காலை முதல் ஓரிரு நிமிடம் கொஞ்சம் தாழ்ந்து ஓடும். அதற்குத்தான் சோக் இருக்கிறது. காலைக்கு வசதியாக இருக்கட்டும் என்று கூட்டி வைத்தால் மாலையில் ரயில்வே கேட்டில் நிற்கப்போவது நீங்கள்தான்.

ஸ்கூட்டரும் புதிய வண்டியும்

கார்புரேட்டர் ஸ்கூட்டர்களில் சோக் தானாக இயங்கும். மின்சாரம் சூடாக்க, உள்ளே மெழுகு விரிந்து, சில நிமிடங்களில் ஓர் ஊசியை நீட்டிக் கூடுதல் பெட்ரோல் வழியை மூடும். அதற்கு வரும் ஒயர் கழன்றிருந்தால் சோக் மூடவே மூடாது; ஐட்லிங் உயர்ந்தே நிற்கும், பெட்ரோலும் குடிக்கும், பிளக் கரி படியும். மெலிந்த கலவைக்கு நேர்மாறான அடையாளம் இது. முதலில் அந்த ஒயரின் இணைப்பைப் பாருங்கள்.

எரிபொருளைப் பீய்ச்சும் வண்டிகளில் கேபிள் வெற்றாட்டம், மேனிஃபோல்ட் கசிவு இரண்டும் மேலே சொன்னபடியே பொருந்தும். அவற்றைத் தாண்டினால், வாசல் தகட்டின் விளிம்பில் படிந்த கரி, ஐட்லிங் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு, எஞ்சின் வெப்பத்தை அறியும் சென்சார் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. சென்சார் பழுதாகி, எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று தவறாகச் சொன்னால், கணினி அதை நம்பிக் காற்றையும் பெட்ரோலையும் கூட்டிக்கொண்டே இருக்கும். அங்கே பெயின்ட் தடவி முத்திரையிட்ட திருகு ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் கணினியின் கணக்கு முழுக்கப் பிசகும். கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி உள்ள இடத்துக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

ரப்பர் மாற்றியவர்கள் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, வண்டி ஆறியிருக்கும்போது கிளாம்ப் திருகையும் மேனிஃபோல்ட் போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புதிய ரப்பர் சூட்டில் படிந்து உட்காரும்போது கிளாம்ப் கால் சுற்று தளர்வது உண்டு. என்னுடையது தளர்ந்திருந்தது.